சும்மா எப்படி இருக்கே?

போன வார அத்தியாயத்தின் முடிவில் அம்மா துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அங்கேதான் அம்மாவையும் மூத்த மகள் பெரியவளையும் விட்டுவிட்டு வந்தோம். நாளைக் காலை மருத்துவமனையில் சேர வேண்டும். தொண்டையில் இருக்கும் கட்டியை அறுத்தெடுக்க ஒருவழியாகத் தலையாட்டிவிட்டாள்.

லேசில் ஆட்டிய தலை இல்லை அது. "கத்தி பட்டா குரல் போனாலும் போகலாம்னு டாக்டரே சொல்றாரு. வாய் இல்லாம நான் இருந்து என்னத்தைப் பண்ண?" என்று ஒற்றைக் காலில் நின்றவள். பெரியவள் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், பட்டினிகூடக் கிடந்து பார்த்தாள். அம்மா அசையவில்லை. "உன் தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்."

தம்பி சொன்னான். கடல் தாண்டிப் போய் ஒரு குளிர்க் கிடங்கில் பெட்டி தூக்கும் சின்னவன், ஒரு திரை நிறைய எழுதி அனுப்பினான். அம்மா அதைப் படித்தாள், மூக்கை உறிஞ்சினாள், "சரி, நாள் குறிக்கச் சொல்லு" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் செய்தியைக் கேட்காத காது அந்தத் தெருவில் கிடையாது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா கேட்டாயிற்று. சிலிண்டர் போட வந்தவர் வாசலில் நின்றபடி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். தப்பான எண்ணுக்கு அழைத்துவிட்ட ஒருவர்கூடத் தப்பவில்லை. பெரியவளுக்கோ அது மனப்பாடமே ஆகிவிட்டது.

மனப்பாடம் ஆனதுதான் இன்றைக்கு வினையாக முடிந்தது.

பெரியவளுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. எங்காவது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் சிவப்புப் பட்டனை அமுக்குவார். அழைப்பு இவர்களுக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். பயப்படாதீங்க என்று சொன்னால் பயம் கூடும். அதனால், "உங்க கண்ணு முன்னாடி என்ன இருக்கு, சொல்லுங்க?" என்று ஆரம்பிக்க வேண்டும். கண்ணாடி இருக்கு, பட்டன் இருக்கு, யாரோ ஒட்டின சூயிங்கம் இருக்கு என்று சொல்லச் சொல்ல, மூச்சு தானாகச் சீராகிவிடும். இந்த வித்தையில் பெரியவளை மிஞ்ச அங்கே ஆளில்லை.

இன்று காலை மேனேஜர் எல்லோரையும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். அவருக்கே கொஞ்சம் வியர்த்திருந்தது.

"அடுத்த மாசத்துல இருந்து முதல் பேச்சை இந்த ஏஐ மெஷின்தான் பேசும். யாராவது ஒருத்தர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட மாதிரி இதுகிட்ட பேசுங்க. கூச்சப்படாதீங்க."

எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். அப்போது எழுந்தவள்தான் 'சைரன்'. பக்கத்து மேசைக்காரி. அவள் மெதுவாகப் பேசினாலே மாடிப்படிவரை கேட்கும்.

"குடுங்க சார் மைக்கை. வருஷம் பூரா மாட்டிக்கிட்டவங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கே மூச்சு முட்டுது." தொண்டையைச் செருமினாள். "ஐயோ, யாராச்சும் வாங்களேன்! கதவு திறக்கல! ஒரே இருட்டு! எனக்குப் பயமா இருக்கு! யாருமே வரலையே, நீங்கள்லாம் மனுஷங்களா?"

திரையில் எழுத்துகள் வரிசையாக விழுந்தன.

'உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. பயப்படுவது பலவீனம் அல்ல. நீங்கள் வாழ விரும்புகிறீர்கள் என்பதன் அடையாளம் அது. ஒவ்வொரு மூச்சாக இதைக் கடப்போம். நான் உங்களுடன் இருக்கிறேன்.'

"அடப்பாவி," என்றார் பின்வரிசையில் யாரோ. "என்னைவிட நல்லா பேசுதே!"

"நாம இத்தனை வருஷம் கத்தினதை எல்லாம் மூலையில உக்காந்து கத்துக்கிச்சா?" என்றாள் சைரன். "ஆனா பாத்தீங்களா, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாம நழுவிடுச்சு!"

குபீரென்று ஒரு சிரிப்பு எழுந்து, பாதியிலேயே அடங்கியது.

"யாரும் பயப்பட வேண்டியதில்ல..." என்று இழுத்தார் மேனேஜர்.

"பயப்படுவது பலவீனம் அல்ல, சார்!"

மறுபடி சிரிப்பு. பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தது.

'பயப்படுவது பலவீனம் அல்ல, அம்மா. நீங்கள் வாழ விரும்புகிறீர்கள் என்பதன் அடையாளம் அது. ஒவ்வொரு மூச்சாக இதைக் கடப்போம். நான் உங்களுடன் இருக்கிறேன்.'

ஓர் 'அம்மா'தான் கூடுதல். மற்றபடி, புள்ளி பிசகாமல் தம்பி செய்தியின் கடைசி வரிகளேதான்.

"சார்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இது நம்ம கம்பெனிக்குன்னு தனியா எழுதினதா?"

"சேச்சே, ஊர் பூரா போன்ல வச்சுக்கிட்டு அலையுறாங்களே, அதே ஆளுதான். நம்ம யூனிஃபார்மை மாட்டிவிட்டிருக்கோம், அவ்வளவுதான். ஏம்மா, ஏன் முகம் இப்படி வெளிறிப் போச்சு? வேலை எங்கேயும் போகாதும்மா."

வேலையை யார் நினைத்தார்கள்?

கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு பழைய செய்திகளைத் தோண்டினாள் பெரியவள்.

கிடங்கில் கையுறையைக் கழற்ற முடியாது, கழற்றினால் விரல் விறைத்துவிடும். அதனால் சின்னவன் எப்போதும் மைக்கை அமுக்கிவிட்டு வாயால் சொல்லித்தான் எழுதுவான். குளிரில் பல் தந்தியடிக்க அவன் பேசுவது ஒன்று, போன் எழுதுவது ஒன்று. 'அக்கா' என்பது 'காக்கா' ஆகும். 'அம்மா' என்பது 'சும்மா' ஆகும். பக்கத்தில் கத்துபவர்களின் பேச்சும் உள்ளே புகுந்துகொள்ளும்.

'சும்மா எப்படி இருக்கே தள்ளு தள்ளு பெட்டியை அங்க வைக்காதே சாப்பிட்டியா காக்கா வந்துட்டாளா.'

இப்படித்தான் இருக்கும் அவன் செய்தி. அம்மா அதை உரக்கப் படித்து, வயிறு குலுங்கச் சிரிப்பாள். "பெத்த தாயை சும்மாங்குறான் பாரு!"

பிறகு அந்த நாள். தொண்டையில் கட்டி என்று மகனுக்கு அம்மாவே எழுதினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'ஹா ஹா ஹா ஹா ஹா.'

வேறு ஒரு வார்த்தை இல்லை. அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "எனக்குத் தொண்டையில கட்டி. அவனுக்கு அது சிரிப்பா இருக்கு." அப்புறம் பல நாள் அவனோடு பேச்சே இல்லை. அவனாக அழைத்தாலும் எடுக்கவில்லை. கடைசியில், 'கைதவறி அனுப்பப்பட்ட அந்தச் செய்திக்கு என் மனமார்ந்த வருத்தங்கள், அம்மா' என்று ஒன்று வந்தபோதுதான் இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்துதான் எல்லாம் சுத்தம். காக்காவும் இல்லை, தள்ளு தள்ளும் இல்லை. பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்று கூப்பிட்டவன் 'நீங்கள்' என்று எழுதினான்.

"வெளியூர் போனதும் மரியாதை கத்துக்கிட்டான்," என்று அம்மா பூரித்துப்போனாள். பெரியவளும் அப்படித்தான் நம்பினாள். 'நீ' போய் 'நீங்கள்' வந்த இடத்திலேயே முழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? சொந்தத் தம்பி அம்மாவுக்கு மரியாதை கொடுத்தால் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம்!

அம்மாவுக்கு இது தெரிந்தால் நாளைக்கு ஆபரேஷன் நடக்காது. டாக்டர் போன தடவையே முகத்தைச் சுளித்தார். இனியும் தள்ளினால் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும் என்று சொல்லிவிட்டார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்தில் முன் இருக்கையில் ஒரு பெண்மணி தன் சினேகிதியிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் என் பிறந்தநாளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாருடி! என் கண்ணுல தண்ணி. கல்யாணம் ஆனதுல இருந்து 'ம்'னு மட்டும் சொன்ன மனுஷன். அப்புறம் பாத்தா, என் தங்கச்சிக்கு அவ புருஷனும் அதையே எழுதிக் குடுத்திருக்கான். 'என் வாழ்வின் வெளிச்சமே'ன்னு ரெண்டு வீட்லயும் ஒரே பல்பு!"

"கேட்டியா அவரை?"

"கேட்டேன். 'ம்'னாரு."

பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெரியவர், "என் பேத்தி பரீட்சைக்கு அந்த மெஷினைக் கேக்குறா, மருமக குழம்புக்கு அதைக் கேக்குறா. எங்கிட்ட யாரும் மணிகூடக் கேக்குறதில்ல," என்றார். மறுபடி சிரிப்பு. பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பிக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எழுதினாள்.

'அம்மாவுக்கு அனுப்பினது நீ எழுதினதா?'

உடனே பதில் வந்தது.

'அன்பு அக்கா, உங்கள் கேள்வியில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. இந்தக் கடினமான நேரத்தில் நாம் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதே முக்கியம்.'

போனைக் கீழே போட்டுவிடப் பார்த்தாள். தம்பியின் படம் இருக்கிறது, தம்பியின் பெயர் இருக்கிறது, ஆனால் உள்ளே யாரோ உட்கார்ந்து பேசுகிறார்கள். இவளைப் போய் 'உங்கள்' என்கிறார்கள். தம்பிக்கு என்ன ஆயிற்று? இதையெல்லாம் அனுப்புவது அவன்தானா? கண்ணுக்கு எட்டாத ஊரில் எங்கே எப்படிக் கிடக்கிறானோ!

யோசிக்காமல், பழக்க தோஷத்தில் எழுதினாள்.

'உன் கண்ணு முன்னாடி இப்ப என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்.'

பதில் இல்லை. இறங்கும் இடம் வந்தும் இல்லை.

வீட்டில் அம்மா கட்டில் மேல் கடை பரப்பியிருந்தாள். சோப்பு, சீப்பு, போர்வை, டம்ளர். கையில் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வெயில் தாழ்றதுக்குள்ள வந்துட்டே? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"நாளைக்கு உனக்கு ஆஸ்பத்திரி இல்ல? அதான்."

"மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பஸ்ல கூட்டம்மா."

"பஸ் கூட்டம் உனக்குப் புதுசா? எதையோ மென்னு முழுங்குறே நீ." அம்மா துண்டை மடியில் போட்டுக்கொண்டாள். "இங்க பாரு, பயப்படாதே. நானே பயப்படல. அதுல எழுதியிருக்கானே, பயப்படுவது பலவீனம் அல்லன்னு. இந்தச் செய்தியை நாளைக்கு டாக்டருக்கும் படிச்சுக் காட்டப் போறேன். மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை நானும் பாத்துக்குவேன். என் குரல் போனா போகட்டும்டி. என் பிள்ளை குரல் என் காதுல இருக்கு, போதும்."

சொல்லக் கூடாது, ஆபரேஷன் முடிகிறவரை மூச்சு விடக் கூடாது என்று பேருந்திலேயே முடிவெடுத்திருந்தாள் பெரியவள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தாள்.

அம்மாவின் போன் கணகணத்தது. இவள் கையிலிருந்த போனும் அதே நொடியில் அதிர்ந்தது. இரண்டும் ஒன்றாக அடித்தால் அது 'நாம மூணு பேர்' குழு.

"ஏய், இங்க வா, வா!" என்று அம்மா கூவினாள். "காக்கான்னு வந்திருக்குடி! எத்தனை நாளாச்சு!"

பெரியவள் ஓடி வருவதற்குள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"'காக்கா முன்னாடி மீன் பெட்டி இருக்கு நீலக் கலர் மேல ஐஸ் ஒட்டியிருக்கு தள்ளு தள்ளு ரிவர்ஸ்ல வரான்'... ஹஹ்ஹா, பாரு, பாரு, ரிவர்ஸ்ல வரானாம்... 'காக்கா சும்மாக்கு அனுப்பினது நான் எழுதல இப்ப உனக்கு வந்ததும் நான் எழுதல'..."

"அம்மா, குடு இங்க."

அம்மா போனை உயரத் தூக்கிக்கொண்டாள். குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

"'அந்த மெஷின்கிட்ட சொன்னேன் சும்மாக்குத் தைரியம் சொல்ற மாதிரி எழுதிக் குடுன்னு எனக்குச் சொல்ல வரல காக்கா ஆபரேஷன் பண்ணிக்கோன்னு எந்த வாயால சொல்லுவேன் குரல் போயிட்டா நான் சொல்லித்தான் போச்சுன்னு ஆயிடும் வேண்டாம்னு எந்த வாயால சொல்லுவேன் மைக்கை அமுக்கினா பேச்சே வரல அழுகைதான் வருது நான் அழுதா இது'..."

அம்மா நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. பெரியவள் தன் போனில் மிச்சத்தைப் படித்தாள்.

'நான் அழுதா இது ஹா ஹா ஹான்னு எழுதுது அன்னைக்கும் அப்படித்தான் எழுதிச்சு பாக்காம அனுப்பிட்டேன் நான் சிரிக்கல காக்கா அழுதேன்னு சொன்னா சும்மா பயந்துடும்னு கைதவறிடுச்சுன்னு மெஷினை விட்டு எழுதச் சொன்னேன் சும்மாக்கு இது எதுவும் தெரிய வேண்டாம் காக்கா.'

கையுறை விரலால் தடவி, தனியாக அக்காவுக்குப் போக வேண்டியதைக் குழுவில் போட்டுவிட்டான் மடையன்!

கீழே தையல் மிஷின் கடகடவென்று ஓடி நிற்பது கேட்டது.

"அப்போ அது மெஷினா?" என்றாள் அம்மா.

"அம்மா..."

"நான் ஊர் பூரா படிச்சுக் காட்டினேனே. சிலிண்டர்காரர் அழுதாரே." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒரு மெஷின் சொன்னதுக்கா நான் கழுத்தைக் குடுக்கப் போனேன்?"

"சொன்னது மெஷின்தான்மா. சொல்லச் சொன்னது அவன்."

"பேசாதே."

அம்மா விரலால் திரையைக் கீழே இழுத்தாள். சுத்தமான செய்திகள் ஒவ்வொன்றாக ஓடி மறைந்தன. நீங்கள், உங்கள், தங்கள். இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

'ஹா ஹா ஹா ஹா ஹா.'

அதை வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சிரிக்கலையாடி அவன்?"

"இல்லம்மா."

"அழுதிருக்கான்."

"ஆமாம்மா."

"நான் போனைக் கவிழ்த்து வச்சுட்டேனே. பிள்ளை அந்தப் பக்கம் அழுதுக்கிட்டு நிக்குறான், நான் இந்தப் பக்கம் ரோஷம் பாத்துக்கிட்டு..." போனைப் பெரியவளிடம் நீட்டினாள். "இந்த மைக்கு எங்க இருக்கு? எப்படி அமுக்கறது?"

பெரியவள் காட்டிக் கொடுத்தாள்.

அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். நாளைக்குப் பிறகு இருக்குமோ இருக்காதோ என்கிற அந்தக் குரலால் 'கண்ணா' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். உதடு கோணியது. தோள் குலுங்கியது.

திரையில் எழுத்துகள் விழுந்தன.

'ஹா ஹா.'

பிறகு, 'ஹா ஹா ஹா ஹா.'

பெரியவள் அழிக்கக் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, அப்படியே அனுப்பினாள்.

படித்துவிட்டான் என்பதற்கான குறி வந்தது. எழுதும் மைக்கை விட்டுவிட்டுத் தன் குரலையே அனுப்பப் பார்க்கிறான் போல; அவன் பெயருக்குக் கீழே, 'குரல் பதிவாகிறது' என்று எழுத்து தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றியது. மறுபடி மறைந்தது.

அம்மா பையைப் பார்க்கவில்லை, பெரியவளைப் பார்க்கவில்லை. மடித்த துண்டு மடியிலேயே கிடந்தது. பைக்குள்ளும் வைக்கவில்லை, அலமாரியிலும் திருப்பி வைக்கவில்லை.

"பேச வரலன்னாலும் பரவாயில்லடா," என்று பெரியவள் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். "லைன்லயே இரு."

மூன்றாவது தடவையாக அந்த எழுத்து தோன்றியது. இந்தத் தடவை மறையவில்லை.